தின்னப்பட்டவனைத் தின்பவனாக்கிய கதை

ஜாம்பி என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் பதில் வந்துவிடும். செத்து எழுந்த பிணம்; தள்ளாடித் தள்ளாடிக் கூட்டமாக வரும்; மனித மாமிசம் தின்னும்; கடிபட்டவரும் ஜாம்பி ஆகிவிடுவார். 2016இல் ‘மிருதன்’, 2019இல் ‘ஜாம்பி’ என்று தமிழிலும் படங்கள் வந்துவிட்டதால் இந்த உருவம் நமக்கு அந்நியமாகவும் தெரிவதில்லை. கொஞ்சம் விவரம் அறிந்தவர்கள் இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்வார்கள்: இது வூடூவிலிருந்து வந்த சொல், ஹைட்டி நாட்டு மந்திரவாதிகள் பிணத்தை எழுப்பி ஏவிவிடும் சூனியத்தின் பெயர் என்று.

இந்த விளக்கத்தில் ‘செத்து எழுந்த’ என்பதைத் தவிர மற்ற எல்லாமே தவறு. ஹைட்டி மக்களின் பேச்சில் ஜாம்பி யாரையும் தின்றதில்லை, கடித்ததில்லை, துரத்தியதில்லை. அவனைக் கண்டு யாரும் ஓடியதில்லை. அங்கே மக்கள் பயந்தது ஜாம்பியிடம் மாட்டிக்கொள்வதற்கு அல்ல, ஜாம்பியாக ஆக்கப்படுவதற்கு. சாட்டைக்கும் கரும்பாலைக்கும் இரையான மனிதனின் பெயரை எடுத்து, மனிதரை இரையாக்கும் பூதத்துக்குச் சூட்டிவிட்டார்கள். அடிமைப்பட்டவர்கள் தங்கள் துயரத்துக்கு வைத்த பெயர் அது. அதை அவர்கள் மீதே பழியாகத் திருப்பியது தற்செயலாக நடந்த சொல் மாற்றம் அல்ல. அது எப்போது, யார் கையால் நடந்தது என்பதற்குத் தேதிகள் இருக்கின்றன.

முதலில் சொல். வூடூ என்று நாம் எழுதுவது மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மொழிச் சொல்லான ‘வோடுன்’. தெய்வம், ஆவி என்பதே அதற்குப் பொருள். முன்பு டஹோமி அரசாக இருந்த, இன்றைய பெனின் நாட்டில் ஜனவரியில் வோடுன் திருநாளுக்கு அரசு விடுமுறை உண்டு. ‘ஜாம்பி’யின் வேர் அவ்வளவு தெளிவானது அல்ல. கொங்கோ மக்களின் மொழியில் ‘நஸாம்பி’ என்றால் கடவுள். நஸாம்பி அ ம்புங்கு என்பது படைத்தவனின் பெயர், கத்தோலிக்க மிஷனரிகள் தங்கள் கடவுளுக்கும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். அங்கோலாப் பகுதியின் கிம்புண்டு மொழியில் ‘நஸும்பி’ என்பது செத்தவரின் ஆவி. இவற்றில் எது தாய்ச்சொல் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். கடவுளின் பெயரே பிணத்தின் பெயராகத் தேய்ந்துவிட்டது என்று சிலர் உணர்ச்சிகரமாக எழுதுவதுண்டு. எனக்கு அந்த வாதம் வேண்டியதில்லை. நிரூபிக்க முடியாத வேரில் தொங்க வேண்டிய அவசியம் இந்த வழக்குக்கு இல்லை. சொல் எப்படிப் புழங்கியது என்பதற்கான பதிவுகளே போதும்.

அச்சில் இந்தச் சொல் வந்த மிகப் பழைய நூல்களில் ஒன்று 1697இல் வெளியான ஒரு பிரெஞ்சுக் கதை. பியேர் கொர்னே பிளெஸ்புவா எழுதியது, குவாடலூப் தீவில் நடப்பது. அதில் வரும் ஜாம்பி கண்ணுக்குத் தெரியாத ஆவி; பிணமும் இல்லை, மாமிசமும் இல்லை. சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 1797இல், மோரோ தெ சேன்-மெரி, பின்னாளில் ஹைட்டியான சான் டொமிங் காலனியைப் பற்றி எழுதிய பெரும் நூலில் இதைக் கிரெயோல் சொல் என்று குறித்து, ஆவி, திரும்பி வரும் செத்தவர் என்று பொருள் தருகிறார். அவர் அடிமை முறையை ஆதரித்த வெள்ளைக்காரர். கறுப்பின மக்களின் சடங்குகளைக் கொடூரமாகச் சித்திரிக்க எந்தத் தயக்கமும் இல்லாதவர். அவருக்குக்கூட மாமிசம் தின்னும் பிணம் எதுவும் கண்ணில் படவில்லை.

இனி ஹைட்டிக்கு வருவோம். ஹைட்டியின் வூடூவில் மனிதனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்மாக்கள். உடலுக்கு உயிர் தருவது ஒன்று, ஒருவரை அவராக ஆக்கும் நினைவும் விருப்பமும் குணமும் கொண்டது இன்னொன்று. சாவு வந்தால் இவை பிரிந்து தத்தம் வழியே போக வேண்டும். அப்படிப் போகவிடாமல் ஆன்மாவைப் பிடித்துச் சீசாவில் அடைத்து ஏவல் செய்ய வைத்தால் அது ஒரு வகை ஜோன்பி (கிரெயோலில் ஜாம்பியின் பெயர் இதுதான்). ஆன்மாவைப் பறித்துக்கொண்டு வெறும் உடலை எழுப்பி வயலுக்கு ஓட்டிப் போனால் அது இன்னொரு வகை. உலகம் முழுக்கப் பரவியது இரண்டாவது வகைதான், அதுவும் திரிந்து. இந்த உடல் ஜோன்பி என்ன செய்யும்? வேலை செய்யும். அவ்வளவுதான். கரும்பு வெட்டும், தண்ணீர் சுமக்கும், குனிந்த தலை நிமிராது, பேச்சு மூக்கால் வரும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. உப்பில்லாத சோறு போடுவார்கள். ஏனென்றால் ஒரு கல் உப்பு நாக்கில் பட்டால் அவனுக்குத் தான் யார் என்பது நினைவுக்கு வந்துவிடும். வந்ததும் எசமானனை உதறிவிட்டுத் தன் கல்லறையைத் தேடி நடப்பான்.

இந்தக் கற்பனை எங்கிருந்து முளைத்தது என்று கேட்பவர்கள் மந்திர நூல்களைப் புரட்ட வேண்டாம், சான் டொமிங்கின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் போதும். 1697இல் ஸ்பெயின் இந்தப் பகுதியைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. 100 ஆண்டுகள்கூட ஆகவில்லை, அது உலகின் மிகப் பணக்காரக் காலனி ஆகிவிட்டது. ஐரோப்பா தின்ற சர்க்கரையில் சுமார் 40 விழுக்காடும் குடித்த காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்து போயின. 1789 வாக்கில் சுமார் 5 லட்சம் அடிமைகள், சுமார் 30 ஆயிரம் வெள்ளையர்கள். அடிமைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அது மக்கள் பெருகிய நாடு அல்ல. ஆள் சாகச் சாகக் கப்பலில் ஆள் வந்து இறங்கிய நாடு. பிள்ளை பெற்று வளர்க்க விடுவதைவிட ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக வாங்குவது மலிவு என்று கணக்குப் போட்ட முதலாளிகள் இருந்தார்கள்.

கரும்பு வெட்டினால் உடனே பிழிய வேண்டும், இல்லாவிட்டால் சாறு கெடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும். உருளைகளுக்கு நடுவே கரும்பைத் திணிக்கும் பெண் தூங்கி விழுந்தால் விரலில் தொடங்கித் தோள்வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கையை வெட்டி எடுக்க ஆலைகளில் கோடரி தயாராக வைத்திருந்தார்கள். 1685இன் பிரெஞ்சு அடிமைச் சட்டத்தின்படி தப்பி ஓடி ஒரு மாதம் மறைந்திருந்தவனுக்குக் காது வெட்டு, தோளில் சூடு. இரண்டாம் முறை முழங்காலின் பின்நரம்பு வெட்டு. மூன்றாம் முறை மரணம். இந்த வாழ்க்கையிலிருந்து வெளியேற ஒரே வாசல் சாவு. செத்தால் கடலுக்கு அடியில் வழியிருக்கிறது, ‘கினென்’னுக்குப் போகலாம், ஆப்பிரிக்காவுக்கு, முன்னோரிடம். இந்த நம்பிக்கையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் உண்டு. அதைத் தடுக்க, தற்கொலை செய்த அடிமையின் தலையை வெட்டி எல்லோர் கண்ணிலும் படும்படி நட்டுவைத்த முதலாளிகள் கரீபியத் தீவுகளில் இருந்தார்கள். தலையில்லாத உடல் ஊர் போய்ச் சேராதாம். செத்தாலும் நீ என் சொத்து என்று அடிமையிடம் சொன்னது எந்த மந்திரவாதியும் அல்ல, பண்ணை முதலாளி.

ஜோன்பி அந்த மிரட்டலின் வடிவம். சாவுகூட விடுதலை தராமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தவன். கரும்புத் தோட்டத்தை அறிந்தவர்களால் மட்டுமே நினைத்துப் பார்க்க முடிகிற நரகம் இது. நெருப்பு இல்லை, எண்ணெய்க் கொப்பரை இல்லை, எமகிங்கரர் இல்லை. கங்காணி மட்டும் இருக்கிறான், வேலைக்கு முடிவே இல்லை. இப்படிப்பட்ட பயத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மக்களுக்குத் தங்கள் நிலைமையைச் சொல்ல எழுத்து மறுக்கப்பட்டது, கூடிப் பேசுவது மறுக்கப்பட்டது, சொந்தப் பெயர்கூட மறுக்கப்பட்டது. கதை ஒன்றுதான் மிஞ்சியது.

வூடூதானே ஜாம்பியை உண்டாக்குகிறது என்ற அடுத்த குற்றச்சாட்டைப் பார்ப்போம். வூடூவில் எட்டாத உயரத்தில் ஒரு கடவுள், போன்தியே. அவருக்கும் மனிதருக்கும் நடுவே ல்வா எனப்படும் தெய்வங்கள். வாசல் திறக்கும் லெக்பா, நாகமான தன்பாலா, இரும்பின் தெய்வம் ஓகூ, காதலின் தெய்வம் எஸிலி, இடுகாட்டின் அதிபதி பாவோன் சம்தி. பறை முழங்கும், பக்தர் மேல் ல்வா இறங்கும். பூசாரி ஆணானால் ஊங்கன், பெண்ணானால் மன்போ. நோய் தீர்ப்பதும் செத்தவரை வழியனுப்புவதும் குடும்பச் சண்டையை விலக்குவதும் இவர்கள் வேலை. காசுக்கு ஏவல் வேலை செய்பவனுக்கு அங்கே தனிப்பெயர் உண்டு: போகோர். ஜோன்பியை உண்டாக்குபவன் என்று மக்கள் சுட்டிக்காட்டுவது இவனைத்தான். ஒருவரே இரண்டு வேலையும் செய்வதுண்டு, எல்லைக்கோடு அங்கங்கே அழிவதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் சமூகம் அந்தச் செயலைக் குற்றமாகவே பார்க்கிறது. செத்தவரை யாரும் திருடிப் போகாமல் இருக்க உறவினர் கல்லறையில் காவல் இருப்பதும், பிணத்தின் வாயைத் தைப்பதும், எழுப்ப வருபவன் கேட்டாலும் பதில் சொல்ல நேரமில்லாதபடி எண்ணிக்கொண்டே இருக்க எள்ளைப் பக்கத்தில் வைப்பதும் வூடூ வழக்கங்களில்தான் அடங்குகின்றன. ஜோன்பிக்கு எதிரான காப்புகளெல்லாம் இருப்பது வூடூவுக்குள். திருட்டைக் குற்றம் என்று சொல்லிப் பூட்டும் செய்து கொடுத்த ஊரைத் திருடர் ஊர் என்று அழைப்பது என்ன நியாயம்?

ஊசி குத்தும் பொம்மைக்கும் இதே கதிதான். ஹைட்டியின் வழிபாட்டில் அதற்கு மையமான இடம் எதுவும் இல்லை. உருவம் செய்து ஊசி ஏற்றும் பழக்கம் ஐரோப்பியச் சூனிய மரபில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. தங்கள் வீட்டுச் சரக்கை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

வூடூவின் மீது வெள்ளை உலகுக்கு இருந்த வெறுப்புக்கு வேறு காரணம் உண்டு. 1791 ஆகஸ்டில் புவா கைமன் காட்டில் புக்மன் தூத்தி என்பவர் தலைமையில் அடிமைகள் கூடிச் சடங்கு செய்து சபதம் எடுத்ததாக ஹைட்டி மரபு சொல்கிறது. அந்த மாதம் 22ஆம் நாள் இரவு வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கின. 12 ஆண்டுப் போர். நெப்போலியனின் படை 1803 நவம்பரில் வெர்தியேரில் தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி சுதந்திர நாடு. அடிமைகள் எழுந்து, வென்று, நாடு அமைத்த வரலாறு இது ஒன்றுதான். அதற்குத் தண்டனையாக 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டது. யாருடைய இழப்புக்கு? தங்கள் அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த முதலாளிகளின் இழப்புக்கு. பின்னால் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. தங்களையே மீட்டுக்கொண்டதற்கு அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடன் கட்டினார்கள். இப்படிப்பட்ட நாட்டைப் பற்றி, அங்கே பிள்ளைக்கறி தின்கிறார்கள் என்ற கதை 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவில் விலைபோனது. பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் 1884இல் எழுதிய நூல் அந்தச் சந்தையின் பெரும் சரக்கு. கறுப்பர்கள் தங்களைத் தாங்களே ஆளத் தகுதியற்றவர்கள் என்பதே அதன் முடிவு.

ஜாம்பி ஆங்கிலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயராகிவிட்ட நாளுக்கு இப்போது வருகிறேன். 1915 ஜூலை 28 அன்று அமெரிக்க மரைன் படை ஹைட்டியில் இறங்கியது. 1934 வரை வெளியேறவில்லை. வெள்ளையர் நிலம் வாங்கக் கூடாது என்று நாட்டின் முதல் ஆட்சியாளர் தெசாலின் காலத்திலிருந்து இருந்த தடையை 1918இன் அரசமைப்புச் சட்டம் நீக்கியது. பழைய சட்டம் ஒன்றைத் தோண்டி எடுத்து, விவசாயிகளைப் பிடித்துவந்து சாலை போட வைத்தார்கள். கூலி இல்லை, கயிற்றில் கட்டி ஓட்டிப்போன காட்சிகள் பதிவாகியுள்ளன. 114 ஆண்டுகளுக்கு முன் அடிமைத்தளையை அறுத்த மக்களைத் திரும்பவும் கயிற்றில் கட்டினார்கள். எதிர்த்துக் கிளம்பிய ஷார்லமான் பெரால்த் 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலைப் பலகையில் சாய்த்துக் கட்டிப் படமெடுத்து அந்தப் படத்தை நாடெங்கும் பரப்பினார்கள். தலையை நட்டுவைத்த முதலாளிகளின் அதே பாடம்.

இந்த ஆக்கிரமிப்பின் நடுவே வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் வில்லியம் சீபுரூக் 1929இல் ‘தி மேஜிக் ஐலண்ட்’ என்ற நூலை வெளியிட்டார். ஜாம்பி அமெரிக்கப் பொதுமக்களிடம் போனது இதன் மூலம்தான். ஆனால் அதற்குள் இருக்கும் கதை எது தெரியுமா? 1918இன் கரும்பு அறுவடை. ஹைட்டிய-அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி, ஊர்வழக்கில் ஹாஸ்கோ, ஆள் போதாமல் புதிய கூலிகளுக்குச் சலுகை அறிவிக்கிறது. ழோசெஃப் என்ற கங்காணி கந்தல் கட்டிய, வெறித்த பார்வை கொண்ட ஒரு கூட்டத்தை ஓட்டிவந்து பதிவு செய்கிறான். மலைக்காட்டு ஆட்கள், பேச்சு புரியாது என்று சொல்கிறான். அவர்கள் கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள். மாடாய் உழைக்கிறார்கள், கூலி முழுக்க ழோசெஃபின் பைக்குப் போகிறது. ஒருநாள் அவன் மனைவி இரக்கப்பட்டு அவர்களைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய் இனிப்பு வாங்கித் தருகிறாள். அதில் உப்புப் போட்ட கடலை இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. நாக்கில் உப்புப் பட்டதும் தாங்கள் செத்தவர்கள் என்று உணர்ந்து, அலறி, வரிசையாகத் தங்கள் ஊர் இடுகாட்டை நோக்கி நடக்கிறார்கள்.

சீபுரூக் இதை மர்மக் கதையாக எழுதினார். அவர் நடை முழுக்க இனவெறியும் பரவசமும் கலந்தது. ஆனால் கதையைச் சொன்ன மக்கள் எதைச் சொன்னார்கள் என்று கேளுங்கள். அந்நியக் கம்பெனியின் வயலில் கூலியில்லாமல் உழைக்கும் மனிதர்கள், நடுவில் தரகுக் கங்காணி, ஊமையாக்கப்பட்டவர்களின் கூலி அவன் பையில். அந்த நாட்களின் ஹைட்டியைப் பற்றி இவ்வளவு துல்லியமான கண்டனத்தை எந்தத் தலையங்கத்திலும் நான் படித்ததில்லை.

மூன்றே ஆண்டுகளில், 1932இல், ‘ஒயிட் ஜாம்பி’ படம் வந்தது. பெலா லுகோசி சர்க்கரை ஆலை முதலாளி. ஆலைக்குள் ஜாம்பிகள் செக்கைச் சுற்றிக்கொண்டே இருக்க, ஒருவன் தவறி உள்ளே விழுகிறான். மற்றவர்கள் நிற்காமல் சுற்றுகிறார்கள். அந்த ஒரு காட்சியில் ஹைட்டியின் குரல் இன்னும் கேட்கிறது. படத்தின் மனம் அங்கே இல்லை. அதன் கவலையெல்லாம் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஜாம்பியாக்கப்பட்டுவிடுவாளோ என்பதுதான். செக்கைச் சுற்றும் கறுப்பு உடல்கள் பின்னணி ஆகிவிட்டன. திருப்பம் இங்கே தொடங்கிவிட்டது.

மாமிசம் தின்னும் பழக்கமோ ஹைட்டிக்குத் துளியும் சம்பந்தம் இல்லாதது. 1968இல் ஜார்ஜ் ரொமீரோ எடுத்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. அவர் வைத்த பெயர் கூல். பிணந்தின்னும் அரபுப் பேயின் பெயர். ரத்தக்காட்டேரிகள் உலகை நிரப்பும் ரிச்சர்ட் மாத்திசனின் 1954ஆம் ஆண்டு நாவலிலிருந்தே தூண்டுதல் பெற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். கடித்தால் தொற்றும் என்பதும் காட்டேரிக் கதைகளின் சொத்து. பார்வையாளர்களும் விமர்சகர்களும் அந்த உருவத்துக்கு ஜாம்பி என்று பெயர் வைக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. ரொமீரோவை நான் குறை சொல்லவில்லை. அவர் படம் தன்னளவில் மனசாட்சியுள்ள படம். ஆனால் அரபுப் பேயும் ஐரோப்பியக் காட்டேரியும் செய்த பாவங்களுக்கு ஹைட்டிக் கூலியின் பெயரில் வழக்குப் பதிவாகிவிட்டது.

அறிவியல் இதை விளக்கிவிட்டது, எல்லாம் பேத்தை மீன் நஞ்சு என்று முடித்துவிடுபவர்கள் இன்னொரு சாரார். 1962இல் ஆல்பர்ட் ஷ்வைட்சர் மருத்துவமனையில் இறந்ததாகப் பதிவாகிப் புதைக்கப்பட்ட கிளெர்வியஸ் நார்சிஸ் 1980இல் ஊர் திரும்பித் தன் சகோதரியின் முன் நின்றார் என்ற வழக்கு பிரபலம். ஹார்வர்டின் தாவரவியல் ஆய்வாளர் வேட் டேவிஸ் 1982இல் ஹைட்டிக்குப் போய், பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் கலந்த பொடிதான் காரணம் என்றார். அவருடைய 1985ஆம் ஆண்டு நூல் பெரும் புகழ் பெற்றது. நஞ்சியல் ஆய்வாளர்கள் அந்தப் பொடிகளைச் சோதித்துவிட்டு, அதில் அந்த நஞ்சு மிகச் சொற்பம் என்றார்கள். 1997இல் லான்செட் மருத்துவ இதழில் ரோலண்ட் லிட்டில்வுட்டும் ஷவான் தூயோனும் மூன்று ‘ஜாம்பி’களைப் பரிசோதித்து எழுதினார்கள்: மூவருக்கும் மனநோயோ மூளைப் பாதிப்போ இருந்தது, இருவரை மரபணுச் சோதனைப்படி அந்தக் குடும்பத்தினர் என்று சொல்ல முடியவில்லை. அதாவது, பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் தெருவில் அலைந்த ஒரு மனநோயாளியைத் தங்கள் பிள்ளை என்று நம்பி வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டிருக்கின்றன. தலையில் சுடும் சினிமாவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை யோசியுங்கள்.

நஞ்சு இருந்ததா இல்லையா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. ஆனால் அந்த விவாதத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் செய்தி ஒன்று உண்டு. நிலத் தகராறில் உடன்பிறந்தவனே தன்னை விற்றுவிட்டான் என்றார் நார்சிஸ். பிறகு தன்னைக் கொண்டுபோய் விட்ட இடமாக அவர் சொன்னது கரும்புத் தோட்டம். ஹைட்டியின் சட்டமும் அவரைப் போன்றவரைப் பாதிக்கப்பட்டவராகத்தான் பார்த்தது. 1864இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டத்தின்படி, ஒருவரைச் சாகடிக்காமல் நீண்ட மயக்கத்தில் ஆழ்த்தும் பொருளைக் கொடுப்பது கொலை முயற்சி. அப்படி மயங்கியவர் புதைக்கப்பட்டால், அதன் பின் என்ன நடந்தாலும் அது கொலை. இந்தப் பிரிவை அந்நியர்கள் ஜாம்பி உண்மை என்பதற்குச் சான்றாகக் காட்டி வியக்கிறார்கள். கொலையுண்டவன் யார் என்று சட்டம் சொல்வதை அவர்கள் படிப்பதே இல்லை.

சரி, சொற்கள் மாறும்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். சொற்கள் மாறட்டும். இந்த மாற்றத்துக்கு மனிதர்கள் உயிரால் விலை கொடுத்தார்கள் என்பதே என் ஆத்திரம். 1941-42இல் கத்தோலிக்கத் திருச்சபை அரசின் துணையோடு மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கம் நடத்தி வழிபாட்டுப் பறைகளைக் கொளுத்தியது, தெய்வம் உறையும் மரங்களை வெட்டியது, வூடூவை விட்டுவிட்டேன் என்று மக்களிடம் சத்தியம் வாங்கியது. வூடூவுக்குச் சட்டப்படி மதம் என்ற அங்கீகாரம் 2003இல்தான் கிடைத்தது. 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. இடிபாடுகளிலிருந்து உடல்களை எடுத்து முடிப்பதற்குள், மறுநாளே, அமெரிக்கப் போதகர் பாட் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் காரணம் சொன்னார்: அந்த மக்கள் விடுதலைக்காகப் பிசாசோடு ஒப்பந்தம் போட்டவர்கள். அந்த ஆண்டு அக்டோபரில் காலரா பரவியது. ஐ.நா. அமைதிப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் வந்த காலரா அது, ஐ.நா. பொதுச் செயலாளர் 2016இல்தான் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 2010இன் கடைசி வாரங்களில், காலராப் பொடி தூவியதாகப் பழி சுமத்தி 40க்கும் மேற்பட்டவர்களைக் கும்பல்கள் அடித்துக் கொன்றன. கொல்லப்பட்டவர்களில் பலர் வூடூ பூசாரிகள். கொன்றவர்களும் ஹைட்டி மக்களே. வெளியிலிருந்து 200 ஆண்டுகளாக ஓதப்பட்டது உள்ளூரிலும் ஊறிவிட்டது.

பிரான்சுவா துவாலியே என்ற சர்வாதிகாரி 1957 முதல் 1971 வரை பாவோன் சம்தியின் கறுப்பு உடையில் தோன்றி மக்களை மிரட்டினாரே, அவருடைய குண்டர் படையில் ஊங்கன்களும் இருந்தார்களே என்று எதிர்வாதம் வரும். இருந்தார்கள். ஆயர்களை நியமிக்கும் உரிமையையும் அவர் வத்திக்கானிடம் 1966இல் பெற்றுக்கொண்டார். அதற்காகக் கிறித்தவத்தை யாரும் குண்டர்களின் மதம் என்று அழைக்கவில்லை.

தமிழர்களுக்கு இதில் என்ன என்றால், மேலே சொன்ன குவாடலூப்பில் பதில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்டப் புதிய ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் 1853இல் மார்ட்டினிக்குக்கும் 1854இல் குவாடலூப்புக்கும் கப்பல்கள் போயின. பின்வந்த ஆண்டுகளில் குவாடலூப்புக்கு மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். அவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கொண்டுபோனார்கள். கிடா வெட்டி, பறையடித்து, சாமியாடிக் கும்பிட்டார்கள். அதுவும் பேய் வழிபாடு என்றே தூற்றப்பட்டது. அவர்கள் கரும்பு வெட்டிய அதே மண்ணின் கிரெயோலில் ஜோன்பி இன்றும் ஆவியின் பெயர். அந்தத் தோட்டங்களில் நின்ற நம் மூதாதையர் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். மாமிசம் தின்னும் பூதமாக நிச்சயம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஹைட்டி எழுத்தாளர்கள் இந்தப் பெயரை ஏற்கெனவே மீட்டுவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் மறைந்த ஃபிராங்கெத்தியென், 1975இல், துவாலியேயின் மகன் ஆண்ட காலத்திலேயே, ‘தெசாஃபி’யை வெளியிட்டார். ஹைட்டிக் கிரெயோலின் முதல் நாவலாக அறியப்படுவது அது. ஒரு கொடியவன் ஊரையே ஜோன்பிகளாக்கி வயலில் உழைக்க வைக்கிறான். அவன் மகள் அவர்களில் ஒருவன் மேல் காதல் கொண்டு உப்புத் தருகிறாள். விழித்தவன் கல்லறைக்குப் போகவில்லை, மற்றவர்களுக்கும் உப்பை ஊட்டுகிறான். எல்லோரும் எழுந்து கொடியவனைக் கொல்கிறார்கள். யாரைச் சொல்கிறார் என்று ஹைட்டியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியரே அதைப் பிரெஞ்சில் திரும்ப எழுதினார். 2018இல் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. தமிழில் அது வர வேண்டும். அடுத்த ஜாம்பிப் படத்துக்குக் கதை தேடும் இயக்குநர்கள் அதைப் படிக்க வேண்டும். அதுவரை, வூடூ என்ற பெயரைச் சூனியத்துக்கு மாற்றுச் சொல்லாக எழுதுவதையாவது நம் பத்திரிகைகள் இன்றே நிறுத்தலாம்.